ருக்குமணி பேருக்கு ஒரு கைப்பிடி

கிளென்ராய் தேயிலைத் தோட்டத்து ஆபீசுக்குக் கம்ப்யூட்டர் வந்து இறங்கிய அன்று கணக்கெழுதுகிற சின்னக் கிராணி சிங்காரம் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் வேலைக்குப் போனான். கல்யாணத்துக்குத் தைத்த சட்டை அது. வயிற்றுப் பக்கம் பட்டன் கொஞ்சம் முரண்டு பிடித்தது. பெண் பார்க்கப் போகிற ஆள் தலைக்கு எண்ணெய் வைக்க மறந்துவிட்டாரே என்று அவன் மனைவி ஜெயா வாசலில் நின்று சொன்னாள். வரிசையாக ஒட்டிக் கட்டிய லயத்து வீடுகளுக்கு நடுவில் இருப்பது பலகைச் சுவர். அவள் சொன்னது பக்கத்து வீட்டோடு நிற்கவில்லை.

எண்பத்தெட்டாம் வருஷம் அது. பக்கத்து டவுனான பிரிஞ்சாங்கில் இருக்கிற பெரிய ஹோட்டல்களுக்குக்கூட இந்த மாதிரிப் பெட்டி இன்னும் வரவில்லை என்று சிங்காரம் சொல்லிக்கொண்டு திரிந்தான். போய்ப் பார்த்துவிட்டு வந்து பொய் என்று சொல்ல யாருக்கும் பொழுதில்லை.

மலையில் எதுவும் ஒழுங்காகக் காயாது. கண்ணாடி போட்ட கல்யாணப் போட்டோவிலேயே பூஞ்சணம் பூத்து, மாப்பிள்ளைக்கு மீசையும் பெண்ணுக்குத் தாடியும் முளைத்துவிடும். அந்த ஈரம் டிஸ்கெட்டுகளைத் தின்றுவிடும் என்று கோலாலம்பூர்க் கம்பெனிக்காரர்கள் பயமுறுத்தினார்கள். அதனால் டிஸ்கெட்டுகளுக்கென்று ஓர் அலமாரி செய்து, உள்ளே இரவும் பகலும் பல்பு எரியவிட்டார்கள். மாரியம்மன் கோயிலில் சாயங்காலப் பூசை முடிந்த கையோடு விளக்கை அணைக்கிற தோட்டம் அது. டிஸ்கெட்டுக்கு வந்த வாழ்வைப் பார்த்துப் பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். ஜெயாவும், என்ன பேசினாலும் பெண்டாட்டி அல்லவா, பெட்டிக்கு ரோஸ் நூலில் ஓர் உறை பின்னிக் கொடுத்தாள்.

டை கட்டிய இரண்டு பேர் வந்து சிங்காரத்துக்குப் பழக்கிவிட்டுப் போனார்கள். பெட்டி, பெட்டியை ஓட்டுகிற சிஸ்டம், அதற்குள் செக்ரோல் என்கிற ஆள்பேர்ப் பதிவை எழுதுகிற புரோகிராம் என்று மூன்றும் அவர்களுடைய சரக்கு. பேரைத் தட்டு, கொழுந்தின் எடையைத் தட்டு, எண்டரை அமுக்கு, ‘ஓகே’ என்று வந்தால் வேலை முடிந்தது. அந்த ‘ஓகே’க்குப் பின்னால் என்ன நடக்கிறது என்று சிங்காரம் கேட்டான். அவர்கள் சிரித்தார்கள். அது உங்களுக்குத் தேவைப்படாது மிஸ்டர் சிங்காரம் என்றார்கள். போகும்போது பெட்டியின் பின்பக்கத்து ஆணிகள் மேல் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டிவிட்டுப் போனார்கள். கிழிந்திருந்தால் கம்பெனி பொறுப்பில்லையாம். மிஸ்டர் என்று கூப்பிட்ட குளிர்ச்சியில் சிங்காரம் அதற்கும் தலையாட்டினான்.

தோட்டத்தில் ஓர் ஆளுக்குப் பேர் என்றால் அது செக்ரோலில் இருக்கிற பேர்தான். காலையில் பெரட்டுக் களத்தில் அதைத்தான் கூப்பிடுவார்கள். சாயங்காலம் கொழுந்து நிறுக்கும்போது அந்தப் பேருக்கு நேராகத்தான் எடை விழ வேண்டும். ஒரு மாதம் முழுக்க எடை விழவில்லை என்றால் பேரை வெட்டலாம். பேர் போனால் வீடும் போகும், ஏனென்றால் லயத்தில் வீடு கொடுத்திருப்பது ஆளுக்கல்ல, பேருக்கு. ஆகவே கொழுந்தெடுக்கிற செட்டில் ஒருத்தி பிள்ளை பெறப் போனாலும் ஆஸ்பத்திரியில் படுத்தாலும், மற்றப் பெண்கள் தங்கள் கூடையிலிருந்து இரண்டு கையும் சேர்த்து ஒரு அள்ளு எடுத்துப் படுதாவில் போட்டு, அவள் பேரில் நிறுக்கச் சொல்வார்கள். கைப்பிடி போடுவது என்று அதற்குப் பேர். பேர் காய்ந்து போகக் கூடாதாம். ஒரு அள்ளுக்கு மேல் போடமாட்டார்கள், போட்டால் அது சலுகை. குறைக்கவும் மாட்டார்கள். தண்ணீர்க் குழாய்க்கும் கோழிக்கும் குடுமிப்பிடி பிடிக்கிற இந்தப் பெண்கள் கைப்பிடிக்காகச் சண்டை போட்டதாக ஒரு கதை கிடையாது. பழைய பெரிய கிராணி வேலப்பன் மகா கறார்ப் பேர்வழி, அவரே இதை மட்டும் எங்கேயோ பார்த்துக்கொண்டு எழுதிக்கொள்வார். அவர் ஓய்வு பெற்றுப் பாலக்காட்டுக்குப் போனதும், காலியான அந்த இடத்துக்குத்தான் பெட்டி வந்தது.

பெட்டி வந்து கொஞ்ச காலத்தில் லோரி அட்டெண்டன்ட் முனியாண்டிக்கு நெஞ்சில் நீர் கோத்தது. தானா ராத்தா டவுன் ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு ஈப்போவுக்கு அனுப்பிவிட்டார்கள். கூடவே அவன் மனைவி ருக்குமணியும் போனாள். பிள்ளைகள் கிடையாது, வீடு ருக்குமணி பேரில். வீட்டைப் பூட்டி, சாவியைச் சிங்காரத்திடம் கொடுத்து, பேரைப் பார்த்துக்கொள்ளுங்கள் மச்சான் என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினாள்.

சாவியை அவனிடம் ஏன் கொடுத்தாள் என்பது லயத்தில் ஒரு வாரத்துக்குத் தீனி. ருக்குமணி அவனுடைய தாய்மாமன் மகள். அவனுக்கென்று பேசி வைத்திருந்த பெண். சிங்காரம் பள்ளியில் பாரம் ஃபைவ் பாஸ் பண்ணி ஆபீசில் உட்கார்ந்ததும், அவன் அம்மாவுக்குக் கொழுந்தெடுக்கிற மருமகள் கசந்து போனாள். தாப்பாவிலிருந்து ஜெயாவைக் கொண்டுவந்தார்கள். ருக்குமணி அழுததாக யாரும் பார்க்கவில்லை. முனியாண்டியைக் கட்டிக்கொண்டு, சிங்காரத்தை அன்றும் இன்றும் ஒரே குரலில் மச்சான் என்றுதான் கூப்பிட்டாள். அந்த ஒரே குரல்தான் ஜெயாவுக்குப் பிடிக்கவில்லை. கத்தியிருந்தால்கூட மன்னித்திருப்பாள்.

கைப்பிடி மறுநாளே ஆரம்பித்துவிட்டது. நடத்திவைத்தவள் சரோஜா. கூடையோடு குனிந்தாலும் வாய் நிமிர்ந்தே இருக்கும் சரோஜா. இருபது பெண்கள் ஆளுக்கொரு அள்ளு, சேர்த்து நிறுத்தால் மூன்று கிலோவுக்கு முன்னே பின்னே வரும். சிங்காரம் தினமும் சாயங்காலம் எல்லாப் பேரையும் தட்டிவிட்டு, ருக்குமணியைக் கடைசியாக வைத்துக்கொள்வான். பேர், மூன்று, எண்டர். ‘ஓகே’ என்று வரும். அதை ஒரு நிமிஷம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுத்தான் ரோஸ் உறையைப் போர்த்துவான். ஆபீஸ் பியூன் ராஜு இதைப் பார்த்து நாலு இடத்தில் சொல்லி, நாலாவது இடம் ஜெயாவின் காதாக இருந்தது. அன்றைக்கு அந்த வீட்டில் ரசத்தில் உப்பு இல்லை.

மாதம் முடிந்து பெட்டி தானாக அச்சடித்துத் தள்ளிய பட்டியலில் ருக்குமணி இல்லை. அடுத்த பக்கத்தில், காலியான வீடுகள் என்ற தலைப்பின் கீழே, அவள் வீட்டு நம்பர் இருந்தது.

சிங்காரம் முதலில் தான்தான் தப்பாகத் தட்டிவிட்டோம் என்று நினைத்தான். மறுபடியும் அவள் பேரை ஏற்றிப் பார்த்தான். இந்த ஆள் நம்பர் முடிந்து போனது, வருஷக் கணக்கு மூடும்வரை திறக்க முடியாது என்று பெட்டி சொன்னது. கோலாலம்பூருக்குப் போன் போட்டான். அங்கே இருந்த பெண் மிக மரியாதையாக, சிஸ்டம் தப்புச் செய்யாது என்றாள். அப்படியானால் தினமும் ஓகே என்றதே, அது என்ன ஓகே என்று கேட்டான். நீங்கள் தட்டியது கிடைத்தது என்று அர்த்தம், வைத்துக்கொண்டது என்று அர்த்தமில்லை என்றாள். என்ன விதியில் பேர் போனது என்று கேட்டதற்கு, அது கம்பெனி ரகசியம் என்றாள்.

தோட்டத்து மேனேஜரான துரையிடம் போனான். வெள்ளைத் துரைமார் காலம் முடிந்து, இவர் சிரம்பானிலிருந்து வந்த தமிழர். நன்றாகத் தமிழ் பேசுவார், லயத்துக்காரர்களோடு மட்டும் பேசமாட்டார். கையை விரித்தார். கம்ப்யூட்டர் எடுத்துவிட்டதே, நான் என்ன செய்ய என்றார். காலியான வீடுகளுக்கு இந்த மாத முடிவுக்குள் இந்தோனேசியாவிலிருந்து கான்ட்ராக்ட் ஆட்கள் வருகிறார்கள், அதற்குள் சாமான்களை எடுக்கச் சொல் என்றும் சொன்னார்.

விஷயம் லயத்துக்கு வந்தபோது நடந்ததுதான் வேடிக்கை. வேலப்பன் இருந்த காலமாக இருந்தால் சரோஜா கூடையோடு போய் ஆபீஸ் வாசலில் உட்கார்ந்திருப்பாள். ஒரு தடவை வேலப்பன் அரை நாள் எடையை விட்டுவிட்டதற்கு, அவர் குலம் கோத்திரமெல்லாம் பாலக்காடுவரை போய் வந்தது. இப்போது சரோஜா வாயைத் திறந்தாள், மூடினாள். பெட்டியிடம் போய் எந்தக் குலத்தை இழுப்பது? பெண்கள் கலைந்து போனார்கள். போகிற போக்கில் ஒருத்தி, நாம் போட்ட கொழுந்து என்ன ஆச்சு என்று கேட்டாள். அது மட்டும் ஒழுங்காக வாடி, உருண்டு, வறுபட்டுத் தேயிலையாகிப் போயிருந்தது.

அந்த வாரக் கடைசியில் சிங்காரம் தானா ராத்தாவில் சாகுல் ஹமீது சாப்பாட்டுக் கடையில் தே தாரிக் என்கிற இழுத்து ஆற்றிய டீ ஒன்றை வாங்கி வைத்துக்கொண்டு, அது ஆடை கட்டுகிற வரைக்கும் குடிக்காமல் உட்கார்ந்திருந்தான். சாகுல் ஹமீதின் மகன் கமருஸ்ஸமான் லீவுக்கு வந்திருந்தான். பினாங்கில் பல்கலைக்கழகக் கம்ப்யூட்டர் லெப்பில் வேலை. மேசை துடைக்க வந்தவன் சிங்காரத்தின் முகத்தைப் பார்த்து எதிரே உட்கார்ந்துவிட்டான். சிங்காரம் பெட்டியைப் பற்றிப் பேச ஒரு மனிதன் கிடைத்தானே என்று எல்லாவற்றையும் கொட்டினான்.

“எங்க அத்தாவப் பாருங்கண்ணே,” என்றான் கமருஸ்ஸமான். “மசாலா வறுக்கையில அடுப்படிக் கதவச் சாத்திக்குவாரு. பெத்த புள்ள நானே உள்ள போக முடியாது. ஒங்க கோலாலம்பூர்க் கம்பெனியும் அந்த ரகந்தான்.”

கல்லாவில் இருந்த சாகுல் ஹமீதுக்குக் காது கூர்மை. “அந்தக் கொழம்ப வித்துத்தான்டா ஒன்னையப் பினாங்குக்கு அனுப்புனேன்.”

“கொழம்பு பிடிக்கலன்னா எதுத்த கடைக்குப் போயிரலாம் அத்தா. இவரு எங்க போவாரு? இவரு ஊட்டுச் சோறு பூராவும் அந்தச் சட்டிக்குள்ளயில்ல கெடக்கு.”

பினாங்கு லெப்பிலும் காசு கொடுத்து வாங்கிய சிஸ்டம் ஒன்று உண்டாம். ஆனால் அவனும் அவன் கூட்டாளிகளும் அதைத் தொடுவதில்லை. வேறு ஒன்று வைத்திருக்கிறார்கள். அதன் குடல் ஈரல் எல்லாம் வரி வரியாக எழுதிக் கூடவே கொடுத்துவிடுகிறார்கள். படிக்கலாம், மாற்றலாம், மாற்றியதை இன்னொருவனுக்குக் கொடுக்கலாம். வெளிநாட்டில் எவனோ எழுதியதை இவர்கள் திருத்துகிறார்கள், இவர்கள் திருத்தியதை வேறு எவனோ எடுத்துக்கொள்கிறான். அது ரொம்ப நல்ல சிஸ்டமோ என்று சிங்காரம் கேட்டான்.

“பாதி நாள் மக்கர் பண்ணும் லா. அழகும் கெடையாது. ஆனா ஒண்ணுண்ணே. வாங்குனது ‘முடியாது’ன்னு சொன்னா பேச்சு அதோட முடிஞ்சிருச்சு. இது ‘முடியாது’ன்னா, யாரு அப்பிடிச் சொன்னதுன்னு உள்ள போயிப் பாக்கலாம்.”

சிங்காரம் ஆறிப்போன தேநீரை ஒரே மூச்சில் குடித்தான்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், தோட்டம் முழுக்கப் பந்து விளையாட்டு பார்க்கப் போயிருந்த நேரத்தில், கமருஸ்ஸமான் ஒரு பிஸ்கட் டின் நிறைய டிஸ்கெட்டுகளோடு வந்தான். ஆபீஸ் சாவி சிங்காரத்திடம்தான் இருந்தது. சிவப்பு ஸ்டிக்கரைத் தொடவே வேண்டியிருக்கவில்லை. பெட்டியின் முன்பக்கம் டிஸ்கெட்டைப் போட்டு உசுப்பியதும், கம்பெனிக்காரனின் பெயர் வருகிற இடத்தில் கறுப்புத் திரையில் ஒரு சின்னக் கோடு மட்டும் மினுக்கிக்கொண்டு நின்றது. கமருஸ்ஸமான் ஏதோ தட்டினான். வரிகள் மேலே மேலே ஓடின. சிங்காரத்துக்கு ஒரு வரியும் புரியவில்லை. ஆனால் எதுவும் மறைக்கப்படவில்லை என்பது புரிந்தது. ஏனோ கண்ணில் தண்ணீர் வந்தது. பனி என்று சொல்லிக்கொண்டான், ஜன்னல் சாத்தியிருந்தது.

கம்பெனி சிஸ்டம் தன் கணக்கைத் தான் மட்டும் படிக்கிற மாதிரி வைத்திருந்தது. கமருஸ்ஸமான் தன்னுடையதைக் கொண்டு அதைத் துண்டு துண்டாகப் பிரித்துப் பார்த்தான். வெகு நேரம் ஒன்றும் இல்லை. பிறகு விதிகள் இருக்கிற இடம் அகப்பட்டது. அதில் ஒரு வரியைக் காட்டினான். ஒரு நாளைக்கு ஆளுக்குக் குறைந்தபட்ச எடை ஐந்து கிலோ. அதற்குக் கீழே வருவதைப் பூஜ்யமாக எடுத்துக்கொள்.

சிங்காரம் அந்த ஐந்தையே பார்த்துக்கொண்டிருந்தான். இன்னொரு அள்ளு. ஆளுக்கு இன்னும் ஒரே ஒரு அள்ளு போட்டிருந்தால் பேர் பிழைத்திருக்கும். அவர்கள் போடாததற்குக் காரணம் கஞ்சத்தனம் இல்லை, நியாயம். ஒரு அள்ளுதான் நியாயம் என்று வைத்திருந்தார்கள். இந்தப் பெட்டி வேறொரு நியாயத்தை வயிற்றில் வைத்துக்கொண்டு, அதைச் சொல்லாமல், தினம் தினம் ஓகே என்றிருக்கிறது.

பொழுது சாய்வதற்குள் கமருஸ்ஸமான் பழைய பேர்களையெல்லாம் உருவி எடுத்து, தன் சிஸ்டத்தில் ஒரு சின்னச் செக்ரோல் செய்துவிட்டான். பார்க்கக் கோணல்மாணலாக இருந்தது. ஆனால் திறந்ததும் முதல் திரையிலேயே விதிகள் வரும். குறைந்தபட்ச எடை இவ்வளவு என்று யார் வேண்டுமானாலும் படிக்கலாம். அந்த ஐந்தை நீங்களே மாற்றுங்கள் அண்ணே என்று நாற்காலியை விட்டு எழுந்தான். சிங்காரம் ஒரு விரலால் ஐந்தை அழித்து ஒன்று போட்டான். பட்டியலைக் கேட்டான். ருக்குமணி வந்துவிட்டாள், அவள் பேருக்கு நேராக மூன்று, மூன்று, மூன்று என்று மாதம் முழுக்க.

வீட்டுக்குப் போகிற வழியில் அவன் பாட்டு முணுமுணுத்துக்கொண்டு போனதைக் கேட்டவர்கள் உண்டு. ஜெயாவும் கேட்டாள். சோற்றைப் போட்டுக்கொண்டே, மாமா மகளிடமிருந்து ஈப்போக் கடிதம் வந்ததா என்று விசாரித்தாள். இல்லை, பேர் வந்தது என்று அவன் சொன்னதை அவள் எப்படி எடுத்துக்கொண்டாள் என்பது தெரியவில்லை. ஆனால் அன்றைக்கு ரசத்தில் உப்பு இருந்தது.

திங்கட்கிழமை அந்த வெள்ளைச் சட்டையைத் திரும்பவும் போட்டுக்கொண்டு துரையைக் கூப்பிட்டுக் காட்டினான். துரை நின்றபடியே பார்த்தார். விதி வருகிற இடத்தைப் பார்த்தார், மாற்றுகிற இடத்தைப் பார்த்தார். பிறகு கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தார். சிங்காரத்தையும் உட்காரச் சொன்னார். ஆறு வருஷத்தில் அவனை அவர் உட்காரச் சொன்னது அதுதான் முதல் தடவை.

“இந்த அஞ்சு எங்கேருந்து வந்துச்சுன்னு நெனைக்கிற?”

“கம்பெனிக்காரங்க வெச்சது, தொர.”

“நான் சொல்லி வெச்சது.”

அவர் கோபப்படவில்லை. கைப்பிடி விஷயம் தான் வந்த முதல் மாதமே தனக்குத் தெரியும் என்றார். ஆளே இல்லாத பேர்களெல்லாம் வீட்டை அடைத்துக்கொண்டு நிற்கின்றன, மேலிடமோ கான்ட்ராக்ட் ஆளுக்கு வீடு எங்கே என்று கேட்கிறது. வாயால் நிறுத்தச் சொன்னால் யூனியன் வரும், பெண்கள் கூடையைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். பெட்டியிடம் சொன்னார், யாரும் வரவில்லை.

“ஒன் சிஸ்டம் நல்லாத்தான் இருக்கு சிங்காரம். தெறந்தா எல்லாம் தெரியிது. அஞ்சுன்னு தெரிஞ்சா, யாரு போட்ட அஞ்சுன்னு கேப்பாங்க. எனக்கு அது வேணாம். காசு குடுத்து வாங்குனதே அதுக்குத்தான்.”

பிஸ்கட் டின்னை எடுத்துத் தன் மேசை டிராயரில் வைத்துப் பூட்டினார். ஆபீஸ் சாவியைக் கேட்டு வாங்கிக்கொண்டார். வெளியாளை உள்ளே விட்ட குற்றத்தைக் கம்பெனிக்குச் சொல்லாமல் இருப்பதாகச் சொன்னார். அதற்கு நன்றி சொல்லிவிட்டுத்தான் சிங்காரம் வெளியே வந்தான். நன்றி சொன்னது வாசல் தாண்டிய பிறகுதான் அவனுக்கே உறைத்தது. அவன் இருந்ததும் தோட்டம் கொடுத்த வீடுதான், அவன் பேரும் அதே பெட்டிக்குள்தான் இருந்தது. யூனியன்காரரின் வீடு தபாலாபீஸ் போகிற வழியில்தான். அந்த வாரம் முழுக்க அவன் தபாலாபீசுக்குப் போகாமல் ராஜுவை அனுப்பினான்.

மாதம் முடிகிற சமயத்தில் ருக்குமணி வந்தாள். முனியாண்டி பிழைத்துவிட்டான், பிழைத்ததில் பாதி ஆளைக் காணோம். யாரோ கொடுத்த பெரிய சுவெட்டருக்குள் ஒரு கழுத்து மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. அவர்கள் வீட்டு வாசலில் வேறு யாருடைய துணியோ காய முயன்றுகொண்டிருந்தது. உள்ளே ஒரு குழந்தை புரியாத பாஷையில் அழுதது. அவர்களுடைய அம்மி, பானை, பெட்டி, சாமி படம் எல்லாம் கோயில் சாமான் அறையில் காண்டாமணிக்குப் பக்கத்தில் இருந்தன. கொண்டுபோய் வைத்தது சிங்காரம்தான். அம்மியைத் தூக்கிக்கொண்டு அவன் மேட்டில் ஏறியதை லயமே கதவிடுக்கில் பார்த்தது, கை கொடுக்க ஒருவரும் வரவில்லை.

முனியாண்டியைக் கோயில் படியில் உட்கார வைத்துவிட்டு ருக்குமணி ஆபீஸ் ஜன்னலுக்கு வந்தாள். சத்தம் போடவில்லை.

“எம்பேர எடுத்தது யாரு மச்சான்?”

உள்அறையில் துரை இருந்தார். கதவு பாதி திறந்திருந்தது. சிங்காரம் பெட்டியைப் பார்த்தான், அந்தக் கதவைப் பார்த்தான். சொல்ல வேண்டிய பேர் அதற்குப் பின்னால் உட்கார்ந்திருந்தது.

“கம்ப்யூட்டர் எடுத்துருச்சு, ருக்கு.”

அவள் கம்பிக்குள்ளே எட்டி, ரோஸ் உறை போர்த்தியிருந்த அதைப் பார்த்தாள்.

“அதுக்கு என்னையத் தெரியாது,” என்றாள். “ஒங்களுக்குத் தெரியுமே, கிராணி ஐயா.”

பிறந்ததிலிருந்து மச்சான் என்று கூப்பிட்டவள் ஐயா என்றது அதுதான் முதல். அதற்கப்புறம் அவள் அவனை ஒன்றும் கூப்பிடவில்லை. லெம்பா பெர்த்தாம் பள்ளத்தாக்கில் ஒரு சீனன் காய்கறித் தோட்டத்தில் கோஸ் பாத்திக்குப் பக்கத்தில் தகரக் கொட்டகை கொடுத்தார்கள் என்று கேள்வி. முனியாண்டிக்கு அந்த ஈரம் ஆகாது என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தாராம். ஈரமில்லாத இடம் யார் கொடுத்தார்கள்?

சரோஜா ஒருநாள் நிறுவைக் களத்தில் சிங்காரத்தை மடக்கினாள். செட்டில் இருந்த இராசம்மாவை இரட்டைப் பிள்ளை என்று ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள், கைப்பிடி போடுவதா வேண்டாமா என்று கேட்டாள். அவன் தராசைப் பார்த்துக்கொண்டே, உதடு அசையாமல், ஐந்து கிலோவுக்குக் குறையாமல் போடச் சொன்னான். யார் சொன்னது, எதற்கு ஐந்து என்று அவள் கேட்டதற்கு, அடுத்த கூடையைத் தராசில் ஏற்றச் சொன்னான். பெண்கள் ஆளுக்கு இரண்டு அள்ளு போட்டார்கள். மாதக் கடைசியில் இராசம்மா பேர் நின்றது. லயத்தில் அன்றைக்குச் சிங்காரத்தைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை பேசினார்கள். ஜெயாகூட வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

அந்த நல்ல பேர் காய்வதற்குள் டை கட்டிய இரண்டு பேரும் புது டிஸ்கெட்டோடு வந்துவிட்டார்கள். துரையும் அவர்களும் கதவைச் சாத்திக்கொண்டு மத்தியானம்வரை உள்ளே இருந்தார்கள். சிங்காரத்தைக் காப்பி வாங்கி வரச் சொன்னார்கள். போகும்போது, சிஸ்டம் இன்னும் நன்றாக ஆகியிருக்கிறது மிஸ்டர் சிங்காரம் என்று கை குலுக்கினார்கள். என்ன மாறியது என்று அவனும் கேட்கவில்லை.

கமருஸ்ஸமானிடம் டிஸ்கெட்டுக்கு வேறு பிரதிகள் இருந்தன. அவன் சிஸ்டத்தில் அது ஒரு சௌகரியம், எத்தனை பிரதி வேண்டுமானாலும் போடலாம். ஆனால் அவன் பினாங்கில் இருந்தான், ஆபீஸ் சாவி துரையின் இடுப்பில் இருந்தது. பிஸ்கட் டின்னில் இருந்தவற்றுக்குப் பல்பு கிடையாது. ஒருநாள் துரை டிராயரைத் திறந்தபோது சிங்காரம் பார்த்தான். மேலே இருந்த டிஸ்கெட்டில் வெள்ளையாகப் பூத்திருந்தது.

அன்று சாயங்காலம் இராசம்மா பேருக்கு அள்ளப் பெண்கள் படுதாவைச் சுற்றி நின்றார்கள். பனி இறங்கிவிட்டிருந்தது. தராசு முள்ளே சரியாகத் தெரியவில்லை.

“இன்னிக்கி எவ்வளவு போடணும், கிராணி ஐயா?” என்றாள் சரோஜா.

அவனுக்குத் தெரியாது. ஐந்தோ, எட்டோ, பன்னிரண்டோ. நிறையப் போடுங்கள் என்றான். எவ்வளவு நிறைய என்று யாரோ கேட்டார்கள். தங்கள் கூடை குறைவதைப் பார்த்துக்கொண்டே மூன்று அள்ளு போட்டார்கள். கடைசியில் நின்றவள் தன் கூடைக்குள் எட்டிப் பார்த்துவிட்டு மூன்றாவதைப் போடவில்லை. கைப்பிடி தொடங்கிய நாளிலிருந்து முதல் தடவையாக அந்தக் களத்தில் சண்டை வந்தது. நீ போடவில்லை, நான் போட்டேன் என்ற சத்தம் ஆபீஸ்வரை கேட்டது.

சிங்காரம் பேரைத் தட்டினான், எடையைத் தட்டினான், எண்டரை அமுக்கினான். திரையில் ‘ஓகே’ என்று வந்தது. ருக்குமணிக்கும் தினமும் அப்படித்தான் வந்துகொண்டிருந்தது.